இரண்டாம் பாகத்தில் வலிக்கவில்லை

கம்பெனி வேனில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டெய்லர் அக்காக்கள்.

"ரெண்டாம் பாகத்துல ஹீரோவுக்கு வலிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் ஜன்னலோரத்து அக்கா. நானும் பார்த்த படம், காதைத் தீட்டிக்கொண்டேன்.

"லாரி பைட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் மற்றவர்.

"அது செரிங்க. மொதப் பாகத்துல வெட்டு வாங்குன கைய கடைசி வரைக்கும் தூக்க முடியாமக் கெடந்தான். நாமளும் பயந்துட்டே பாத்தோம். இதுல கட்டுப் போட்ட அடுத்த சீன்லயே அடிக்கறான்."

"உங்க விரலு எப்படிங்க இருக்குது?"

ஜன்னலோரத்து அக்காவின் விரலில் துணி சுற்றியிருந்தது. நேற்று மெஷின் ஊசி ஏறியதாம்.

"வலிய பொறுத்துக்கலாங்க. ரத்தந்தான் நிக்கல. இன்னிக்கு நம்ம லைனுக்கு வெள்ளத் துணி. ஒரு பீஸுல கறை பட்டாலும் ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

"கறுப்புத் துணி லைனுக்கு மாத்தச் சொல்லி சூப்பர்வைசரக் கேக்கட்டுங்களா?"

"கேளுங்க. விரலப் பத்தி மட்டும் சொல்லிப்போடாதீங்க."