அடுத்த வாய்தா

தேநீரில் சர்க்கரை போதுமா என்று சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் போட்டுப் பழகிய கை. இன்னொரு டம்ளர் சேர்ந்தாலே அளவு தப்பிவிடுகிறது. உங்களோடு வந்த போலீஸ்காரர் ஏன் வாசலிலேயே நிற்கிறார்? அவரையும் உட்காரச் சொல்லுங்கள். இந்த வீட்டில் நாற்காலிக்குக் குறைவில்லை. ஒரு காலத்தில் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் இடம் கிடைக்காமல் படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இது வக்கீல் ஐயாவின் வீடு. அவரிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அவர் போன பிறகு பிள்ளைகள் வெளியூரிலேயே தங்கிவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவைத்தார்கள். கல்யாணம் நான் செய்துகொள்ளவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் வயது ஓடிவிட்டது. ஆபீஸை மூடிய பிறகு, பால்காரரிடம் "ஒரு பாக்கெட்" என்று சொல்வதுதான் அன்றைய பேச்சு. சில நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பாக்கெட்டை நீட்டிவிடுவார். அன்றைக்கு அதுவும் போச்சு.

நீங்கள் தேடி வந்திருக்கிற பெண்ணை இந்தத் தெருவில் டைலரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் இறந்து, ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தார். அவருக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவன் தன் சாமான்களை ஈடு காட்டி வங்கியில் கடன் வாங்கி, கட்டாமல் கம்பி நீட்டிவிட்டான். வங்கி அனுப்பிய ஆட்கள் விலாசத்தைப் பார்த்தார்களே தவிர, வீட்டில் இருப்பது யார் என்று பார்க்கவில்லை. டைலரம்மா நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டை உடைத்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மெஷின், கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி, பாதி தைத்துக் கிடந்த ஊரார் துணிகள் எல்லாம் போயின. வங்கி என்றதும் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். டைலரம்மா பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்து ஒதுங்கினார்.

வாசலில் ஐயாவின் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது அல்லவா, அதைப் பார்த்துத்தான் அவர் உள்ளே வந்தார். "வக்கீல் இல்லம்மா, நான் அவரோட குமாஸ்தா" என்று சொன்னேன். "எனக்கு வக்கீல் வெக்க வசதி இல்லண்ணா. யார்கிட்டப் போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவரை உட்காரவைத்து வழிகளைச் சொன்னேன். முதலில் வங்கிக்கு எழுத்து மூலமாக ஓர் ஆட்சேபம்: இந்தக் கடன் என்னுடையது அல்ல, இந்தச் சாமான்கள் கடன்காரருடையவை அல்ல, இதோ மெஷின் வாங்கிய ரசீது, இதோ வாடகைப் பத்திரம். அதற்கு மசியாவிட்டால் தலைமை அலுவலகம். அங்கேயும் கையை விரித்தால் வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர். சாமான்களை ஏலம் விடப் பார்த்தால் சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம். பொருளைத் திருப்பிக் கேட்டும், பிழைப்பு கெட்டதற்கு நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போடலாம். பூட்டை உடைத்ததற்குப் போலீஸிலும் புகார் கொடுக்கலாம்.

"இத்தனை வழி இருக்காண்ணா!" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது என் பேச்சைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

வங்கி வாசல் காவலாளி ஏற்கெனவே அவரை விரட்டியிருந்தார். மறுபடி அங்கே போகக் கூசினார். அவர் சார்பில் பேசவும் சாமான்களைப் பெறவும் எனக்கு எழுதிக் கொடுத்தார், நான் போனேன். மேலாளர் சின்னப் பையன். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், மேலிடத்துக்கு மட்டும் போயிடாதீங்க. எங்க தப்புதான். சாமான் எல்லாம் கோடவுன்ல பத்திரமா இருக்கு. இன்னிக்கே எங்க செலவுல வண்டி வெச்சு அனுப்பிடறேன். எங்க இறக்கணும்னு சொல்லுங்க."

விடுதிக் கட்டிலில் மெஷினையும் பீரோவையும் எங்கே இறக்குவது? இந்த வீட்டைச் சொன்னேன். இடம் இருந்தது. அதில் எந்த உள்நோக்கமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, டைலரம்மாவின் வழக்கு ஒரே ஒரு கடிதத்தில் முடிந்துவிட்டது. அது போன மழைக்காலம். அவர் இங்கே வந்து போக ஆரம்பித்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் சொல்லிவிடத்தான் இருந்தேன். நல்ல சேதியாயிற்றே, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால், கொடியில் கிடந்த என் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த ஊசியால் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். தைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் மட்டும் கைக்கு வந்துட்டாப் போதும்ணா. தங்கச்சி ஊருக்கே போயிடுவேன். அவ எத்தனை நாளா கூப்பிடறா. அங்க ஒரு கடை போட்டுக்கிட்டு, அவ பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு இருந்துடுவேன்."

பல்லால் நூலை அறுத்தார். நான் டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"வாய்தா போட்டிருக்காங்கம்மா," என்றேன்.

"அப்படின்னா?"

"பேங்க் மசியலை, கேஸ் போட்டாச்சு. கோர்ட்டுல வேற தேதிக்குத் தள்ளி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கொஞ்சம் பொறுக்கணும்."

ஐயா வேடிக்கையாகச் சொல்வார்: "கேஸ் முடியற வரைக்கும்தான்டா கட்சிக்காரனுக்கு நம்ம வீடு தெரியும்." நானே பார்த்திருக்கிறேன். வழக்கு நடக்கும்போது எங்கள் வீட்டுப் படியே கதி என்று கிடந்தவர்கள், தீர்ப்பு வந்த பிறகு கடைத்தெருவில் பார்த்தால் தெரியாத மாதிரிப் போவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் வாய்தாவில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதும் நான் அனுபவத்தில் கண்டது. நம்பிக்கை கெடுவதில்லை, ஆளும் வந்துகொண்டிருப்பார்.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். ஐந்தரை ஆனால் கேட் கிறீச்சிடும். நான் நாலரைக்கே முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வங்கி வக்கீல் வரவில்லை, அதிகாரி லீவு, கேஸ் கட்டுக் கிடைக்கவில்லை, எதிர்த்தரப்பு பதில் போட அவகாசம் கேட்டிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டியவனுக்குக் காரணமா கிடைக்காது? ஒன்றுகூட நானாகக் கட்டியதில்லை. எல்லாம் ஏதோ ஒரு வழக்கில் யாருக்கோ உண்மையாக நடந்தவை.

ஃபீஸ் என்று ஒரு பைசா வாங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாமான்களை ரெக்கார்டு ரூமில் வைத்திருந்தேன். ஐயாவின் பழைய கேஸ் கட்டுகள் இருக்கிற அறை. வெயிலும் மழையும் காகிதத்தைத் தின்றுவிடும் என்று சன்னலே வைக்காமல் கட்டியது. கூரை வரை காகிதம். உள்ளே கத்தினாலும் வெளியே முனகலாகத்தான் கேட்கும். முதலில் எல்லாவற்றையும் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கோடவுன் மாதிரி குவிந்து கிடந்தால் அதுவும் ஒரு ஜப்திதானே?

"கோர்ட்டுல ஒவ்வொரு சாமானையும் விவரமாக் கேப்பாங்கம்மா. வீட்டுல எது எங்க இருந்துச்சு, சொல்லுங்க," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கட்டில் தெற்குச் சுவரை ஒட்டி. தலைமாட்டில் முக்காலி, அதன் மேல் பித்தளைக் கூஜா. மெஷின் சன்னலோரம். பூப்போட்ட திரை, அதை அவரே தைத்தாராம். இதைச் சொல்கிற நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் களை வரும். அவர் போன பிறகு நான் உள்ளே போய், அவர் சொன்னபடி ஒவ்வொன்றையும் நகர்த்தி வைப்பேன். ஒரு சுவரிலிருந்த கட்டுகளை இறக்கிவிட்டு அந்தத் திரையை மாட்டினேன். பின்னால் சன்னல் இல்லையே தவிர, மற்றதெல்லாம் அவர் வீடேதான். தினமும் தூசு தட்டினேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். எந்தக் கோர்ட்டும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்காது.

அவர் இளைத்துப்போனார், அது உண்மை. ரெடிமேட் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கக் காலர் தைக்கிற வேலை. மெஷின் ஊசி ஒருமுறை விரலில் இறங்கிவிட்டது. வீங்கிய விரலோடு இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து, "என் மெஷினா இருந்தா இப்படிப் பண்ணியிருக்காதுண்ணா" என்று சிரித்தார். அவர் மெஷின் அப்போது இரண்டு சுவர் தள்ளி இருந்தது. மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். நஷ்டஈடு கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னேன். காதில் கிடந்ததை விற்றார், முடி கொட்டியது, விடுதியில் கட்டில் மாற்றி வாசல் பக்கம் போட்டார்கள். எல்லாவற்றையும் வந்து என்னிடம்தான் சொன்னார். சொல்லிக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் இருந்தது. தனியாக இருப்பது எவ்வளவு பொல்லாதது என்று உங்களுக்குத் தெரியாது.

மறுபடி மழைக்காலம் வந்தது. போன மாதம் ஒருநாள் கையில் துணிப்பையோடு வந்தார். உட்காரவில்லை.

"போதும்ணா. போன சாமான் போகட்டும். கேஸை விட்டுடுங்க. நாளைக்கு ரயில்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க எனக்காக நாயா அலைஞ்சீங்க, கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான்," என்று சொல்லி அழுதார்.

அப்படி அழுகிறவரை வெறும் கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? "அழாதீங்கம்மா. நாம ஜெயிச்சுட்டோம். வாங்க, காட்டறேன்," என்று அழைத்துப் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

என் வாழ்நாளில் ஒரு மனிதரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் மெஷினைக் கட்டிக்கொண்டார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் தொட்டார், பீரோவைத் திறந்து மூடினார், அழுகையும் சிரிப்புமாக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு விரித்திருந்த கட்டிலைப் பார்த்தார். வெறும் சுவரில் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்தார். திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் எப்பண்ணா வந்துச்சு?"

நான் பொய் சொல்லவில்லை. "போன மழைக்காலத்துல," என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாயைத் தாண்டிப் போகிறவர் மாதிரி சுவரோரமாக அடி வைத்து, "நான் போறேண்ணா. எனக்கு எதுவும் வேணாம். வழி விடுங்க," என்றார். அதுதான் எனக்கு வருத்தம். ஒரு வருஷப் பழக்கம். உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்திருக்கலாம்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அக்கா ரயிலில் வரவில்லை என்று தங்கச்சி புகார் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஊரெல்லாம் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். நேராக இங்கே வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதலில் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெளியே பாய்ந்தார். ஒருமுறை என் கையைக் கடித்துவிட்டார், தழும்பு இதோ. அதனால் திறப்பதை நிறுத்திக்கொண்டேன், கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. கோபம் தணியட்டும் என்று விட்டேன். ஐந்தரைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைய சமாசாரங்களைச் சொல்வேன். அவர் தட்டுவார், நான் பேசுவேன். இப்போது சில நாட்களாகத் தட்டுவதில்லை. நான் பேசுவதை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, தருகிறேன். கதவை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள். கடைசியாகச் சத்தம் தரையை ஒட்டித்தான் கேட்டது, கதவடியிலேயே படுத்திருக்கிறார் போலிருக்கிறது. கட்டிலை அவர் சொன்ன இடத்தில்தான் போட்டிருந்தேன். ஏனோ அதில் படுக்க அவருக்குப் பிடிக்கவில்லை.