பூட்டிய பட்டறையின் திறப்பு விழா

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கியோடு பழகிவிட்டு வந்து, இன்று நம் பாமர விழாவுக்குத் தலைமை தாங்கும் 'ஐயா' என்னாமல் பிரெஞ்சில் 'முசே' என்றே ஊர் அழைக்கும் பெருமதிப்பிற்குரிய கோவிந்தசாமி முசே அவர்களே! மேடையின் வலக்கோடியில் வீற்றிருக்கும் பட்டறை உரிமையாளர் அண்ணன் வடிவேல் அவர்களே! இடக்கோடியில், அண்ணனுக்கு முதுகைக் காட்டி வீற்றிருக்கும் இன்னொரு உரிமையாளர் தம்பி கன்னியப்பன் அவர்களே! மில்லின் கதவு மூடினாலும் உழைக்கும் கையை மூடாத தோழர்களே! வைத்திக்குப்பத்துக் கரையில் மீன் எடுத்து, கூடையோடு வந்து, இந்த மேடைக்குக் கீழே வெயிலில் காத்திருக்கும் தாய்மார்களே! நம் சாரம் பகுதியின் சான்றோர்களே! இந்தப் பலராமனின் வணக்கத்தை உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன். யாருக்கு முதலில் வைத்தேன் என்று தயவுசெய்து கணக்குப் பார்க்காதீர்கள். அந்தக் கணக்கால்தான் இன்றைக்கு நாம் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம்.

என்னை ஐந்தே நிமிடம் பேசத்தான் அழைத்தார்கள். மேடையேறும்போது நம் ஃபிட்டர் தேவதாஸ் காதோரம் வந்து, "அண்ணே, வண்டி வெளிய வர்ற வரைக்கும் பேசிக்கினே இருங்க" என்றார். "எப்ப வரும்?" என்றேன். "தெரியலண்ணே" என்றார். "வருமா?" என்றேன். அதற்குள் அவர் கூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார். ஆகவே நான் பேசுகிறேன். எதைப் பேசுவது என்று தெரியாமல் பேசுகிறேன். என்ன நடக்கிறது என்று புரியாமலும் பேசுகிறேன்!

எதற்காக இந்த வண்டி? ஏன் இந்தப் பட்டறை? அதோ அஞ்சலாட்சியம்மாள் அமர்ந்திருக்கிறாரே, அவரைக் கேளுங்கள். விடியலில் கரையில் மீன் எடுத்து, நம் சாரத்துத் தெருக்களில் தொடங்கி லாஸ்பேட்டை வரை கொண்டுபோய் விற்கிறவர். ஒரு நாள் பஸ் ஏறினார். கண்டக்டர் விசில் அடித்தார். "மீன் கூடையெல்லாம் ஏத்தக்கூடாது, எறங்கு எறங்கு!" அம்மாள் இறங்கினார். இறங்கி நின்று ஒரு கேள்வி கேட்டார்: "மீன் துன்றவன ஏத்துற, மீன ஏத்தமாட்டியா?" பஸ் போய்விட்டது! அன்றிலிருந்து அவர் நடக்கிறார். முழங்கால் வீங்க நடக்கிறார். வெயில் ஏற ஏற மீனின் செவுள் வெளுக்கிறது. லாஸ்பேட்டை போய்ச் சேர்ந்தால், "இது நேத்து மீனா?" என்று கேட்கிறார்கள். நேற்று மீனாம்! விடிகாலையில் துள்ளிய மீனை நேற்று மீன் என்று சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

எரிந்தது. தேவதாஸுக்கு எரிந்தது. பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். மூன்று சக்கரம் பூட்டி மேலே பலகை போட்டால், நாலு பெண்கள் கூடையோடு போகலாம் என்றார். நல்லது. எங்கே வைத்துச் செய்வது? தெருவில் வைத்துச் செய்தால் எஞ்சின் ஒரு வீட்டுக்கும் சக்கரம் இன்னொரு வீட்டுக்கும் போய்விடும். இடம் வேண்டும், வாடகைக்கு வேண்டும். "உங்களுக்குத்தான் வாய் இருக்குதே" என்று என்னை அனுப்பினார்கள்.

முதலில் எங்கே போனேன் தெரியுமா? தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் வீட்டுக்குத்தான் போனேன். பின்கட்டில் பெரிய ஷெட் சும்மா கிடக்கிறது. முசே கேட்டார்: "காமியோனா செய்யறீங்க?" லாரியைத்தான் அப்படிச் சொல்கிறார். "லாரி இல்லை முசே" என்றேன். "காரா?" "இல்லை." "ரிக்‌ஷாவா?" "முழுசா ரிக்‌ஷாவும் இல்லை." "அப்ப என்னதான்யா அது?" யோசித்தேன். எனக்கே தெரியவில்லை! நல்ல காபி ஒன்று கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார். தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் முசே, வண்டி வந்தால் நீங்கள்தான் தேங்காய் உடைக்கப் போகிறீர்கள்.

அடுத்து பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கு. சொந்தக்காரர் 'மீன்' என்ற சொல்லைக் கேட்டதுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மார்க்கெட்டுக்கு முதுகோடு முதுகாக வாழ்கிறவர், என் சொல்லுக்கு மூக்கைப் பொத்துகிறார்! எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் கிடைத்தது இந்தக் கொட்டகை. அகலமானது, உயரமானது, காற்றோட்டமானது. ஒரே ஒரு சிக்கல்தான். பாகப்பிரிவினையில் நடுவே கோடு போட்டுவிட்டார்கள். வடக்குப் பாதியும் வடக்குத் தெருக் கதவும் அண்ணன் வடிவேலுக்கு. தெற்குப் பாதியும் தெற்குத் தெருக் கதவும் தம்பி கன்னியப்பனுக்கு. இரண்டு பேரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேருமே சரி என்றார்கள். ஏன் சரி என்றார்கள்? அதுவும் எனக்குப் புரியவில்லை!

மின்சாரம் அண்ணன் பக்கம், வெல்டிங் மேசை தம்பி பக்கம். ஒயர் கோட்டைத் தாண்டியது. "தேவதாஸு, அந்த ஒயரு காலுல மாட்டுது, தூக்கிக் கட்டச் சொல்லு அவன" என்பார் அண்ணன். அவன் என்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். "ஆணி இல்லன்னு சொல்லு" என்பார் தம்பி. ஆணி அண்ணன் பையிலேயே இருக்கும். அதைத் தேவதாஸ் வாங்கித் தம்பியிடம் கொடுப்பார். இப்படியே வண்டி வளர்ந்தது. எஞ்சின் அண்ணன் மண்ணில், கைப்பிடி தம்பி மண்ணில்!

நேற்று மாலை வண்டி முடிந்தது. பிடித்தது பிரச்சினை! "மூத்தவன் நானு. மொத வண்டி என் வாசல்லதான் எறங்கணும்" என்றார் அண்ணன். "கைப்பிடி என் பக்கம் பாத்து நிக்குது. என் வாசல்லதான் போவணும்" என்றார் தம்பி. அண்ணன் என்ன செய்தார்? தம்பி கதவில் தன் பூட்டைப் போட்டார். தம்பி என்ன செய்தார்? அண்ணன் கதவில் தன் பூட்டைப் போட்டார். ஆக, தம்பி கதவின் சாவி அண்ணன் மடியில். அண்ணன் கதவின் சாவி தம்பி மடியில். அண்ணன் நினைத்தால் தம்பி வாசல்தான் திறக்கும். தம்பி நினைத்தால் அண்ணன் வாசல்தான் திறக்கும். புரிந்ததா? புரிந்தவர்கள் யாராவது இருந்தால் மேடைக்கு வந்து எனக்கு விளக்குங்கள்!

யாரது பின்னால், "பூட்ட ஒட" என்பது? தேவதாஸும் சுத்தியலை எடுத்தார் ஐயா! "பூட்ட ஒடச்சா பட்டறைய காலி பண்ணு" என்றது ஒரு குரல். ஒரு குரல் இல்லை, இரண்டு குரல். பல வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான். உடைத்தால் பட்டறை போகும். உடைக்காவிட்டால் இன்றைய மீன் போகும். வண்டியை நம்பி வழக்கத்தைவிட அதிகமாக மீன் எடுத்து வந்திருக்கிறார்களே இந்தத் தாய்மார்கள்! கூடைக்கு அடியில் பாருங்கள், ஐஸ் கரைந்து மண் நனைகிறது. எந்த வாசல் பெரிது என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எந்த வயிறு காய்கிறது என்று பார்த்தோமா? எவர் முதல் என்று பார்க்கிறோம். எவர் முழங்கால் வீங்குகிறது என்று பார்த்தோமா?

இருங்கள், இருங்கள். அஞ்சலாட்சியம்மாள் எழுந்துவிட்டார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள்... சகோதரர்களைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அமைதி! அமைதி!

பின்னால் கேட்கவில்லையா? அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நீங்க பூட்டியே வச்சிக்குங்க. நான் நடந்தே போறேன். ஆனா இனிமே இந்த ரெண்டு தெருவுக்கும் வரமாட்டேன். 'தம்பி வூட்ல இன்னா மீனு எடுத்தாங்க, புள்ளைக்கு ஜொரம் வுட்டுச்சா'ன்னு பெரியவரு என்கிட்டதான் கேக்குறாரு. 'அண்ணனுக்கு இருமல் நின்னுச்சா'ன்னு சின்னவரு என்கிட்டதான் கேக்குறாரு. இனிமே யாருக்கு இன்னா ஆச்சுன்னு நீங்களே தேடிக்கினு போங்க."

அடடா! இதுவா சேதி? இத்தனை வருஷமும் கூடையில் மீனோடு இதுவும் போய்க்கொண்டிருந்ததா?

சகோதரர்கள் எழுந்துவிட்டார்கள். இதோ, மேசையில் ஒரு சாவி விழுகிறது. இதோ இன்னொன்று! யார் முதலில் போட்டார்கள்? நான் பார்க்கவில்லை. ஐயோ, இரண்டும் ஒரே மாதிரிப் பித்தளைச் சாவி. எது எந்தப் பூட்டுக்கு? தேவதாஸ் என்னைப் பார்க்கிறார், நான் தலைவரைப் பார்க்கிறேன், தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார்.

அண்ணன் வடிவேல் திரும்புகிறார். தேவதாஸைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து இல்லை, தம்பியைப் பார்த்துக் கேட்கிறார்: "உன்னுது எதுடா?"

தம்பி சொல்கிறார்: "தெரியலண்ணே."

எனக்கும் தெரியவில்லை, பெரியோர்களே! இரண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். அம்மா, கூடையை இறக்கிவையுங்கள், வண்டி வருகிறது. எந்தத் தெருவில் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். வெயிலில் நின்று கேட்ட உங்களுக்கும், நாற்காலி தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி, கூப்பிய கையோடு ஓரமாக ஒதுங்குகிறேன். மீன் கூடைக்கு வழிவிடுங்கள். வணக்கம்!