ஃபார்ம் ஒன் பிள்ளைங்க கைதட்டுன கதை

இருங்க அத்தா, அதப் பத்த வைக்காதீங்க, கதை இன்னும் முடியல. ஆயர் ஈத்தாம் போற வரைக்கும் இந்த ரோட்டு ஜேம் விடாது, உங்களுக்கு வேற என்ன வேல? காரு கண்ணாடிய ஏத்துங்க. ம், அப்படி.

எங்க விட்டேன்? ஆங், ஓட்டுப் போட்டது. சிகரெட்டு, வேப்பு வேணாம்னு ஃபார்ம் ஒன் பிள்ளைங்ககிட்ட பேசறதுக்கு எங்க ஃபார்ம் டூ கிளாஸ்ல ஆள் பொறுக்கணும். டீச்சருங்க சொன்னா யாரு கேக்குறா? அதான் பிள்ளைங்களையே கேட்டாங்க, யாரு பேசுனா நீங்க கேப்பீங்கன்னு. எல்லாரும் பிரிஃபெக்ட் ஷர்மினி பேரத்தான் சொல்வாங்கன்னு டீச்சர் நெனச்சாங்க. பாத்தா நஸீஹா, நஸீஹா, நஸீஹா! ஆமா, உங்க மகதான்! வீட்டுல எப்பப் பாத்தாலும் வாய மூடு வாய மூடுன்னு சொல்றீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?

சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க. இன்னைக்கு ஹால்ல மேடை ஏறிப் பேச ஆரம்பிச்சேன். அப்புறம் எங்க கிளாஸ் இக்மல் வந்தான், அவனுக்குக் கெட்ட ஃப்ரெண்டு வேஷம். பேனாவ வேப் மாதிரி புடிச்சிக்கிட்டு, ஒரே ஒரு இழுப்பு லா, மாம்பழ வாசம் லான்னு நீட்டுறான். மாம்பழம் வேணும்னா பாசார்ல வாங்கித் தின்னுக்கிறேன், நீயே ஊதுன்னேன். ஹால் பூரா விழுந்து விழுந்து சிரிக்குது! அதுக்கப்புறம் ஆளாளுக்கு எந்திரிச்சு, எப்படி வேணாம்னு சொல்றதுன்னு நடிச்சுக் காட்டுறானுங்க. ஒருத்தன், எங்கம்மா மோப்பம் புடிச்சிருவாங்கன்னு நெசமாவே அழுதுட்டான். அய்யோ, வயிறு வலிச்சுப் போச்சு அத்தா!

அப்பதான் முன்னாடி ஒக்காந்திருந்த ஒரு பொடிசு கையத் தூக்குச்சு. ஹரீஷ்னு பேரு. அக்கா, ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வெள்ளைக் கெரெத்தாவ நிறுத்தி அதுமேல சாஞ்சுக்கிட்டு தெனம் சிகரெட் குடிப்பாரே, அவரு உங்கப்பாதானேன்னு கேட்டான்.

ஹாலே என்னையப் பாக்குது. மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. சேச்சே, உங்கமேல கோவமெல்லாம் இல்ல. ஆமான்னு சொன்னா, அதுவரைக்கும் நான் பேசுனதெல்லாம் போச்சு. இல்லன்னு சொன்னா, எங்க அத்தாவையே யாரோன்னு சொன்ன மாதிரி ஆயிரும். அது என்னால முடியாது.

அதனால, ஆமா, எங்க அத்தாதான், ஆனா நேத்தோட விட்டுட்டாருன்னேன். அவ்ளோதான்! என்னா கைதட்டு, என்னா விசிலு! அந்த ஹரீஷ் எந்திரிச்சு நின்னு தட்டுறான். அவங்கப்பாவும் குடிப்பாராம், எப்படி விடறதுன்னு கேட்டுச் சொல்லுங்கக்கான்றான். அவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும் அத்தா. அதான் பெல் அடிச்சதும், நீங்க கேட்டுல நின்னு பத்த வைக்கறதுக்குள்ள ஓடி வந்து ஏறுனேன்.

பின்னாடி ஹார்ன் அடிக்கிறான் பாருங்க, போங்க போங்க.

ஒண்ணுமில்ல, சின்ன விஷயம்தான். வர்ற வியாழக்கிழம காலையில பத்து மணிக்கு டீச்சர் உங்கள வரச் சொன்னாங்க. எப்படி விட்டீங்கன்னு மைக்கப் புடிச்சு நீங்களே சொல்லணுமாம். நான் சரின்னுட்டேன் அத்தா.