பள்ளிக்கூடத்துக் கைப்பிள்ளை

—உக்காரு பேச்சி. நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது?

—உக்கார்றதுக்கு வரலக்கா. தீபாவளி சீசன்ல வெடிக் கம்பெனி போர்மேன் கால்ல விழாத குறையா அரை நாள் கேட்டு வந்திருக்கேன். ஒத்த வார்த்தை சொல்லுங்க, போய்க்கிட்டே இருக்கேன். உங்க மகன் அசாருக்கும் எம்மக வேல்விழிக்கும் பழக்கம் இருக்கா இல்லையா?

—இருக்கு.

—ஆத்தாடி! இப்பிடிப் பட்டுன்னு போட்டு ஒடைக்கீக?

—இருக்குறத இருக்குன்னுதானே சொல்லணும். ஆனா நீ நெனைக்கிற பழக்கம் இல்ல.

—நான் மட்டுமா நெனைக்கேன்? ஆனைக்குட்டத்துல இருந்து வெள்ளிக்கெழம பூ வைக்க வாரதா இருந்தாக. மாப்பிள செல்வக்குமாரு தங்கமான பையன், ஆப்செட் பிரஸ்ல இருக்கான். நேத்து ஆள் விட்டுச் சொல்லிட்டாக, கொஞ்சம் யோசிக்கணுமாம். மாப்பிளைக்குத் தாய்மாமன் பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டாரு. எம்மக உங்க மகன் வண்டியில பின்னாடி உக்காந்து போயிருக்கா.

—அன்னைக்கு மழை. காலேஜ் விட்டு வந்த பிள்ள நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. கடையில இருந்து எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் கூட்டிட்டுப் போனான்.

—சரி, வண்டி மழைக்கு. பெருநாளைக்குச் சுடிதார் எடுத்துக் குடுத்தானே, அது எந்த மழைக்கு?

—நான்தான் எடுக்கச் சொன்னேன். எம்மக ஷாஹிதாவுக்கு எடுத்த அதே துணி, அதே டைலரு. ஷாஹிதாவுக்குப் பச்சை, வேல்விழிக்கு மஞ்சள். அம்புட்டுத்தான்.

—அம்புட்டுத்தேன்னு நீங்க சொல்லுவீக. எந்த வயசுப் பையன் அடுத்த வீட்டு வயசுப் பிள்ளைக்குத் துணி எடுக்கான்?

—உன் மக என்ன சொல்றா?

—அசார் அண்ணேன்னுதேன் சொல்லுதா. எல்லாக் கழுதையும் அண்ணேன்னுதேன் ஆரம்பிக்கும். நானும் எங்க வீட்டுக்காரர மொதல்ல கருப்பண அண்ணேன்னுதேன் கூப்பிட்டேன்.

—அல்லாவே, சிரிக்க வைக்காத பேச்சி!

—உங்களுக்குச் சிரிப்பு வருது. இந்த எடம் கலைஞ்சா அடுத்த எடம் வருமா? நாளைக்கு நாலு பேரு சேந்து, துலுக்கவீட்டுப் பையன், காலனிப் பிள்ளைன்னு பேச்ச வளத்தா, உங்க கடைக்கு முன்னாலயும் கூட்டம் நிக்கும், எங்க வீட்டுக்கு முன்னாலயும் நிக்கும். அதையும் யோசிங்க.

—யோசிக்காமலா இருக்கேன்? இந்தா, டீயப் பிடி. சூடு, பாத்து. அந்தக் கையி இன்னமும் மடங்கலையா?

—சின்ன வெரலும் அடுத்த வெரலும் அப்பிடியேதேன் இருக்கு. வெடிச்சரம் பின்னுறப்ப மட்டும் எப்பிடியோ வளைஞ்சு குடுக்குது. மத்த நேரம் எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

—எம்புட்டுப் பெரிய கட்டோட வந்து எறங்குன நீ. ரெண்டு கையிலயும் தலகாணி மாட்டிவிட்ட மாதிரி. அசாரு ஒன்னயப் பாத்துட்டு வீல்னு கத்துனான்.

—பள்ளிக்கூடத்து வாசல்ல. ஏன் ஞாபகம் இல்லாம? வரும்போது பாத்துட்டுத்தேன் வாரேன். ஓட்டுக் கட்டிடத்த இடிச்சிட்டாகளே.

—போன மாசம் இடிச்சாங்க. நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாலாம் வகுப்புச் செவரு சாயும்போது மனசு கேக்கல. நீங்கள்லாம் அங்கதானே கெடந்தீங்க.

—நான் எங்க கெடந்தேன்? கம்பெனி மருந்து ரூம் வெடிச்ச அன்னைக்கே என்னய மதுரைக்குல்ல தூக்கிட்டுப் போயிட்டாக. கண்ணு முழிச்சதும் கையப் பாக்கல நானு, பிள்ளைய எங்கன்னுதேன் கேட்டேன். கைப்பிள்ளை, தலைகூட நிக்கல. நாத்தனா முருகம்மா தூக்கிட்டுப் போனான்னாக. அவளே கல்யாணமாகாத பிள்ளை, அவ என்னத்தத் தருவான்னு நெனச்சு நெனச்சு அழுவேன்.

—காலனியில பாதி வீடு இடிஞ்சுபோச்சு, குடோனும் வெடிக்கும்னு போலீசு காலனியக் காலி பண்ணி, லாரியில ஏத்தி, எங்க தெருப் பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டுச்சு. கரும்பலகையில வாய்ப்பாடு எழுதுனபடியே இருக்கு. பெஞ்சையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு, அங்கன பாயி, இங்கன சட்டி. ஜன்னல் கம்பிக்கும் பெஞ்சு காலுக்கும் சேலையக் கட்டித் தொட்டில். நான் அசார இடுப்புல வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கத்தான் போனேன். அப்பிடியே அங்கனயே இருந்துட்டேன்.

—முருகம்மா சொல்லுவா. பைரோஜாக்கா ஒரு சட்டி கஞ்சி கொண்டாந்தா, அதுல பாதிய அவுகளே உக்காந்து குடிச்சிட்டுப் பேசிட்டுப் போவாகன்னு.

—ஆமா, அவ சொல்லாம இருப்பாளா! சிரிப்புக்காரி. அசாருக்கு அங்கதான் மொதப் பல்லு முளைச்சது. அவதான் பாத்தா. பாத்துட்டு ஊரையே கூட்டிட்டா. வீடு போச்சு, வாசல் போச்சு, ஆளு ஆஸ்பத்திரியில கெடக்கு, ஆனா அந்த ஒத்தப் பல்லுக்கு அன்னைக்கு எல்லாரும் அப்பிடிச் சிரிச்சோம்.

—எங்க வீட்டு ஆளுக அத இன்னமும் பேசுவாக. உங்க வீட்டு அண்ணன் மூட்டையில பால்டின்னு கொண்டாந்ததையும் பேசுவாக.

—அத ஏன் கேக்குற. அவுக கொண்டுவந்தத அவுகளே இன்னைக்கு வரைக்கும் மறக்கல. ஊருல இருக்குற சங்கம், கடை, கம்பெனி எல்லாரும் போட்டி போட்டுல்ல எறக்குனாங்க! நாலாம் வகுப்புல டின்னுகள ஆளு ஒயரத்துக்கு அடுக்கிவச்சிருந்துச்சு. கூடவே பாட்டிலு, ரப்பரு. பால் இருக்குற தாய்மாருகூட, பயத்துல எனக்குச் சுண்டிப்போச்சுக்கான்னு டின்னு வாங்குனாளுக. கொடுக்குறோமேன்னு எங்களுக்குப் பெருமை வேற.

—நல்ல மனசுலதானக்கா குடுத்தீக.

—மனசு நல்ல மனசுதான், தண்ணி நல்ல தண்ணியா? லாரித் தண்ணி. தொட்டியில பாசி கையோட வரும். வெறகு கெடையாது, கொதிக்க வைக்க வழி கெடையாது. ஒரு பாட்டில நாலு பிள்ளைக்கு மாத்தி மாத்தி வைப்பாங்க. ரப்பருல ஈ அப்பிக்கெடக்கும். பிள்ளைகளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சது பாரு, துணி அலசி மாளல.

—சங்கிலிமுத்து மகன் அதுலதேன போனான்.

—ஆமா. மூஞ்சி கூம்பி, கண்ணு உள்ள போயி... எங்க வீட்டுத் துப்பட்டியிலதான் சுத்திக் குடுத்தோம். அன்னைக்கு அவுக கடையத் தொறக்கல. நான் கொண்டுபோன டின்னு அந்தப் பிள்ளை வாயிக்குப் போச்சா பைரோஜான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக.

—அப்பறந்தேன அந்த நர்சம்மா வந்தது?

—ஒல்லியா, கண்ணாடி போட்டு. யாருட்டயும் கேக்கல. பாட்டிலையெல்லாம் ஒரு சாக்குல அள்ளிப் போட்டுக் கட்டி எடுத்துக்கிட்டு, ஒவ்வொருத்தி முன்னாலயும் குத்தவச்சு உக்காந்துச்சு. பயந்தா பால் எறங்கச் செத்த நேரம் ஆகும், வத்தாது, பிள்ளைய மார்ல போடு, சப்பச் சப்ப ஊறும்னு. வேலுத்தாயி சண்டைக்கே போயிட்டா, ஏம் மாரு ஒனக்குத் தெரியுமான்னு. சாயங்காலம் பாத்தா அவ பிள்ளைதான் வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குது. தாயே இல்லாத பிள்ளைக்கு மட்டும், சட்டியில நல்லாக் கொதிச்ச தண்ணியில கரைச்சு, பாலாடைச் சங்குல ஊட்டுன்னு சொல்லிச்சு.

—அப்பிடி ஊட்டி ஊட்டித்தேன் எம்மகளக் காப்பாத்துனீக. அம்புட்டுப் பிள்ளைக்கும் வயித்தால போச்சு, எம்பிள்ளைக்கு ஒரு சொட்டுப் போகலையே. மாரியாத்தா கண்ணு, பைரோஜாக்கா கைன்னு நான் எல்லாருட்டயும் சொல்லுவேன்.

—டீ ஆறுது, குடி.

—என்னக்கா மூஞ்சி வாடுது?

—ஒன்னுமில்ல. நீ திரும்பி வந்த அன்னைக்கு நெனச்சேன். வாசல்ல உக்காந்து, நெஞ்சக் காமிச்சு, வத்திப்போச்சுக்கா, எம்பிள்ளைக்கு நான் இனிமே தாயே இல்லக்கான்னு எந்தோள்ல சாஞ்சு அழுத பாரு...

—அழாம? ஆஸ்பத்திரியில பால் கட்டிக்கட்டி வலிச்சுச்சு, அப்பறம் ஒன்னுமே இல்லாமப் போச்சு. பிள்ளையத் தூக்கவும் கையில்ல, குடுக்கவும் பாலில்ல. அந்த நர்சம்மாதேன், வத்துனாலும் திரும்ப ஊறும், போட்டுக்கிட்டே இருன்னுச்சு. நான் நம்பல.

—நானும் நம்பல. ஆனா போட்டுப் பாத்தோம்.

—நான் எங்க போட்டேன்? நீங்கதேன எம்பக்கத்துல உக்காந்து, உங்க ரெண்டு கையாலயும் எம்பிள்ளையப் பிடிச்சு எம்மாருல வச்சீக. அது சப்பும், வராது, அழும். நீங்க தட்டிக் குடுத்துத் திரும்ப வைப்பீக. எங்கூடப் பிறந்தவ செய்வாளாக்கா அத? பொழுதன்னைக்கும் அதே வேலை. அடுப்புல உங்க வீட்டுச் சோறு தீஞ்சு உங்க மாமியா ஆள் அனுப்புவாக.

—அப்பறம் ஒரு நாளு மத்தியானம் ஊறுச்சு.

—ஊறுச்சு. இங்கன, சேலை நனைஞ்சுச்சு. நான் பாக்குறதுக்கு முந்தி நீங்க பாத்தீக. எத்தன வருசம் ஆச்சு! இப்பவும் அந்த மத்தியானத்த நெனச்சா எனக்கு நெஞ்சு சொரக்குற மாதிரியே இருக்கு. வீடு திரும்பக் கெட்டுனது, கம்பெனிக்குத் திரும்பப் போனது, இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. அது ஒன்னுதேன்.

—நீ அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே பேச்சி, எனக்கும் அது ஒன்னுதான்.

—இப்பிடிப்பட்ட உங்க வீட்டு வாசல்ல நான் வழக்குக்கு வந்து நிக்கேன் பாருங்க. ச்சே.

—வழக்கு என்ன வழக்கு. பிள்ளையப் பெத்தவ கேக்கத்தான் செய்வ.

—அப்ப இன்னொன்னும் கேட்டுப்புடுதேன். வரும்போது திட்டுறதுக்குத்தேன் வந்தேன். இங்கன உக்காந்து பேசவும் மனசு மாறிப்போச்சு. அவுக ரெண்டு பேருக்குள்ள நெசமாவே ஆசை இருந்தா, மறைக்காமச் சொல்லுங்க. ஆனைக்குட்டத்து எடம் போனாப் போகுது. உங்க வீட்டுக்குத்தேன் வாரான்னா எனக்குச் சம்மதம்.

—பேச்சி...

—குறுக்க பேசாதீக. கருப்பணன் குதிப்பாரு, நான் பாத்துக்கிடுதேன். காலனி நாலு நாள் பேசும், அஞ்சாம் நாள் வேற கதை கெடைக்கும். எம்பிள்ளை பொழச்சதே உங்களால. உங்க வீட்டுலயே வாழட்டும்.

—முடியாது பேச்சி.

—ஏன், அசாருக்கு வேற எடத்துல பாத்துட்டீகளா?

—இல்ல.

—அண்ணன் ஒத்துக்கிட மாட்டாகளா?

—அவுகளுக்கு உன் மகன்னா உசிரு. விசயம் அது இல்ல.

—அப்ப வெடிக் கம்பெனிக்காரி மகங்கிறதுதேன். பரவால்ல, வாயத் தொறந்து சொல்லுங்க. எனக்கு இது புதுசா?

—இத்தன வருசத்துல அப்பிடி ஒரு வார்த்தை எங்கிட்ட இருந்து வந்திருக்கா? மனசறிஞ்சு சொல்லு.

—வரல. அதுக்காகத்தேன் இப்ப இம்புட்டு வலிக்கிது. சரி, மதந்தேன் தடைன்னா, அவ மாறட்டும். உங்க சாமியக் கும்பிடட்டும். நானே அனுப்பி வைக்கேன். பெத்த தாயி நான் சொல்லுதேன், இதுக்கு மேல என்னக்கா வேணும்?

—மாறுனாலும் முடியாது. கலிமா சொல்லி, பேரு மாத்தி வந்தாலும் எங்க அசாரு அவளக் கட்ட முடியாது. ஊருல வேற எந்தப் பையனும் கட்டலாம், எம்மகன் மட்டும் முடியாது. அது அவனுக்கும் தெரியும். அவனுக்கு விவரம் தெரிஞ்ச அன்னைக்கே நான் சொல்லிட்டேன்.

—நான் வாரேங்க்கா.

—எங்க எந்திரிக்கிற? உக்காரு.

—எம்பிள்ளை அப்பிடி என்ன கொறஞ்சு போயிட்டா? சின்ன வயசுலயே மகனக் கூப்பிட்டு வச்சு, இவளத் தொடாதன்னு சொல்லி வளத்திருக்கீக. துணியும் எடுத்துக் குடுக்கீக, தொலவுலயும் நிறுத்துதீக. இதுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துலயே விட்டிருக்கலாம்லக்கா, டின்னுப் பாலக் குடிச்சுச் செத்திருப்பா.

—வாயக் கழுவு! அவ ஒரு மடக்கு டின்னுப் பால் குடிச்சதில்ல.

—பின்ன பாலாடையில என்னத்த ஊட்டுனீக?

—பாலாடையும் இல்ல, ஒன்னுமில்ல. வாத்தியார் ரூம் கதவச் சாத்திட்டு முருகம்மா வெளிய காவல் நிப்பா, உள்ள இந்தப் பக்கம் அசாரு, அந்தப் பக்கம் உன் மக, நீ மதுரையில கெடந்த நாளெல்லாம் அவ எம்மாருலதான் கெடந்தா. வத்திப்போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தவகிட்ட அத எந்த வாயால சொல்ல, ஊறுச்சுன்னு சிரிச்சவகிட்டத்தான் எந்த வாயால சொல்ல. எங்க மார்க்கத்துல ஒரு மாருல குடிச்சதுக கூடப்பிறந்ததுகதான் பேச்சி, வெள்ளிக்கெழமை ஆனைக்குட்டத்துக்காரங்க முன்னால நானே வந்து சொல்றேன், அன்னைக்கு வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனது பொண்ணுக்கு அண்ணன்னு.