இரண்டு புட்டி, ஒரே முகம்

நான் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பவன், ஐயா. காக்கை குளித்தால் கொக்காகுமா என்று என் மனைவி தினமும் சொல்வாள். குளித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்பேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மீசைக்கு மை தீட்டுவது பார்க்கச் சகிக்காத காட்சிதான்.

மருந்துக்கடையில் முப்பது வருஷம் ஊசி போட்ட கை இது. அந்தத் தைரியத்தில் பெப்டைடு என்கிற ஊசிமருந்து வாங்கினேன். இளமையைத் திருப்பித் தருமாம். இணையத்தில் இரண்டு வகை கிடைத்தது. ஒன்று தாமிரம் சேர்ந்தது, நீலமாக இருக்கும். தோல் சுருக்கத்தை எடுக்குமாம். மற்றது வெள்ளைப் பொடி. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைத்து உள்ளிருந்தே ஆளை மாற்றிவிடுமாம். இரண்டு புட்டியிலும் 'ஆய்வகத்துக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று ஒட்டியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் அந்தச் சீட்டு அழகாக உரிந்து வந்துவிடும்.

எது மேல் என்று தெரிய வேண்டுமே. இரண்டையும் நானே போட்டுக்கொண்டால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரி இரண்டு உடம்பு வேண்டும். எனக்கு அந்த வசதி இருந்தது. என் தம்பி என்னோடு பிறந்தவன். ஏழு நிமிஷம்தான் வித்தியாசம். அவனுக்குக் கால் மரத்துப்போகிற தொந்தரவு வேறு இருந்தது.

"இது என்னடா ஊசி?" என்று முதல் நாள் கேட்டான்.

"நரம்புக்கு. வைட்டமின்தான்."

"நீ போட்டா வலிக்கவே மாட்டேங்குதுடா" என்றான். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாராட்டு என்றால் நான் அவ்வளவு மலிவு.

நீலம் எனக்கு, வெள்ளை அவனுக்கு. ஏன் அப்படி என்று கேட்பீர்கள். வெள்ளைப் பொடியோடு வந்த தாளில், புற்றுநோய் வந்து குணமானவர்கள் இதைத் தொடவே கூடாது, பழைய கட்டி மறுபடி வளரலாம் என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. எனக்குக் கட்டி எதுவும் வந்ததில்லை, இருந்தாலும் பயம். தம்பிக்குத்தான் நாலு வருஷம் முன்பு குடலில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் கொடுத்தவன் நான்தான்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தேன். தம்பி மனைவி புகாரோடு உங்களிடம் கொடுத்தது அந்த நோட்டுதான். எட்டாவது வாரம், 'இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது, நல்ல பலன்' என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. 'பசி கட்டுப்பாடு' என்று எழுதினேன். என் மூளையைப் பாருங்கள்.

"அண்ணா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமா?" என்று தம்பி மனைவி இரண்டு தடவை கேட்டாள். வாயுத் தொல்லை, இந்த மாதம் முடியட்டும் என்றேன். புட்டியில் இன்னும் ஒன்பது ஊசிக்கு மருந்து இருந்தது. பாதியில் நிறுத்தினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒன்பதையும் போட்டேன்.

மருத்துவமனையில் சேர்த்தபோது பழைய கட்டி ஈரல்வரை போயிருந்தது. அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். படுக்கை விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "அப்பாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, தம்பி" என்றாள்.

தூக்கிப் பிடித்தேன். அவள் சொன்னதைத் திருத்தவில்லை.

பதினொரு நாளில் அவன் போய்விட்டான். கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன்மேல் பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தப் பதினொரு நாளும் நான் எவ்வளவு இளமையாகத் தெரிந்தேன் என்று வார்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.