மூன்றாவது மணி

அவள் பெயர் கலாவதி. என் நண்பர் தங்கராஜின் அண்ணன் மகள். விளக்கைச் சற்றுத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

மலைமேல், மஞ்சக்குட்டைச் சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு காபி நிறுவன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நிறுவனத்தின் நெட்வொர்க்கினுள் எந்த லேப்டாப் நுழையவேண்டுமாயினும் அவளே அனுமதிக்க வேண்டும். புதிதாக ஒன்று உள்ளே வரக் கேட்டால், அவளது கணினியில் 'டிங்' என்று மணி ஒலிக்கும், பெயர் தோன்றும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் அசையமாட்டாள். வாழவந்தியில் அவள் வீட்டில், இருட்டிய பின் வாசலில் யாரேனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் முறைக்குத்தான் பதில் கொடுப்பார்கள். மனிதரல்லாத ஒன்றுக்கு இரண்டு முறைக்குமேல் கூப்பிட வராதாம். இந்தக் காரணத்தை அவள் ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். பக்கத்து நாற்காலிச் சுகுணாவிடம். ஒரே டிபன் டப்பாவில் உண்ட தோழி.

"ஏம்புள்ள, லேப்டாப்புக்குள்ள முனியா பூந்துக்கும்?" என்று சுகுணா விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

ஒருநாள் மணி மூன்று முறை ஒலித்தது. அறியாத பெயர்.

"நம்மதுதான் புள்ள... சேலம் ஆபீஸ்து. உடு" என்றாள் சுகுணா.

கலாவதி விட்டாள். அந்த வாரமே நிறுவனத்தின் விலை விவரங்கள் யாவும் அந்த லேப்டாப் வழியே போட்டி வியாபாரியின் கைக்குப் போய்விட்டன. மேலாளர் அன்பழகன் இருவரையும் அழைத்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சார். கலாதானுங்க தொறந்து உட்டா" என்றாள் சுகுணா.

மூன்று முறை அழைக்கவேண்டும் என்பது அந்த வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது? கலாவதி தோழியின் முகத்தையே பார்த்தாள். தோழி நிமிரவில்லை.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லீங்கம்மா" என்று மேலாளர் கலாவதியை எச்சரித்தார்.

அம்மாதம் முடிவதற்குள், பனிமூட்டத்தில், கொண்டையூசி வளைவொன்றில் சுகுணாவின் ஸ்கூட்டர் பள்ளத்தில் பாய்ந்தது. அவள் பிழைக்கவில்லை. இரண்டாகப் பிளந்த அவளது லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

பிறகு ஒரு பிற்பகல்... மணி மூன்றிருக்கும். பட்டப்பகல்தான், ஆயினும் பனி இறங்கிச் சன்னலை வெள்ளையாக அடைத்துவிட்டது. மற்றவர்கள் கிடங்கிற்குப் போயிருந்தார்கள். சாலையில் ஒரு வண்டிச் சத்தமுமில்லை.

டிங்.

கலாவதி அசையவில்லை.

டிங்.

அறையில் ஈரமண் வாடை எழுந்தது. அதனூடே செம்பருத்தி எண்ணெய்... சுகுணா தலைக்கு வைப்பது. தன் பழக்கத்தையும் மீறித் திரையைப் பார்த்தாள். சுகுணாவின் லேப்டாப். உள்ளே வரக் கேட்கிறது.

அலமாரியைத் திறந்தாள். பை கட்டியபடியே இருந்தது. பிளந்த லேப்டாப்பும் இருந்தது. ஆனால் பையின் உட்புறம் முழுதும் ஆவி படிந்திருந்தது... யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டாற்போல.

இரண்டு முறைதானே, இனி வராது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

டிங்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. காதருகே, ஈரமாக, ஒரு குரல்:

"நம்மதுதான் புள்ள... உடு."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அன்றிரவு தங்கராஜிடம் அழாமல்தான் சொன்னாளாம்.

"பேய்க்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடத் தெரியாதுங்க சித்தப்பா. அவளுக்கு... நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பின்பு, "வேலைய உட்டுறயா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்க. போவேன். ஆனா இனிமே மூணாவதுக்கும் தொறக்க மாட்டேன்."