முழங்காலுக்குப் பின்னால் ஒரு கோடு

பொம்மையைத் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள் சார். இடுப்பைப் பிடியுங்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி வெறும் பசையில்தான் நிற்கிறது. ஆறு வருஷத்துப் பசை.

இது அசலா போலியா என்று எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். நடுவில் கஜபதியின் சாவும் வரும். அதை விட்டுவிட்டு இந்தப் பொம்மையை மதிப்பிட முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தேன். பெயர் கலியமூர்த்தி, அது உங்களுக்குத் தெரியும். வாளி, டிபன் டப்பா, பேனா மூடி, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். எண்பத்தெட்டில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. விண்வெளிச் சிப்பாய்கள். நாலு அங்குல உயரம், கழுத்தும் கைகால்களும் திரும்பும். படையில் மொத்தம் பன்னிரண்டு பேர். ஏழாம் நம்பர் வேவுக்காரன். பச்சை ஹெல்மெட், புகை நிறக் கண்ணாடி. அவனுடைய அச்சில் முதல் நாளே விரிசல் விட்டது. நாற்பது பொம்மை வந்ததும் நான்தான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். நாற்பதையும் அரைத்துத் தூளாக்கும்படி ரிப்போர்ட் எழுதினேன். புது அச்சு வரவேயில்லை. ஏழாம் நம்பர் இல்லாமலே படை கப்பலேறியது.

தொண்ணூற்றிரண்டில் கம்பெனியை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சிப்பாய்களுக்கு மவுசு வந்தது. பெரிய மனிதர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு திருமுல்லைவாயிலில் ஒரு டியூட்டோரியல் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கொண்டுவந்ததை என் முன்னால் வைப்பார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்து நான் சீட்டு எழுதுவேன். அசல், கலப்பு, போலி, இந்த மூன்றில் ஒரு வார்த்தை, கீழே கையெழுத்து. கலப்பு என்றால் ஒருவன் உடம்பில் இன்னொருவன் கை. என் சீட்டை பம்பாய்க்காரர்கள்கூட மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழாம் நம்பர் உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தேன். யாரையும் தொட விட்டதில்லை. அதை எனக்கு யாரும் தரவில்லை. ஆறாம் நம்பரின் உடம்பை இழைத்து, ஹெல்மெட்டைப் பிசினில் வார்த்து, நானே எட்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். அதற்கு நான் சீட்டு எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கஜபதி வந்தான். லேத் பட்டறையில் வேலை. எங்கள் கூட்டத்தில் அவன்தான் சின்னவன், அதிகம் சிரிப்பவனும் அவன்தான். மறுநாள் கூட்டம் இருக்கும்போது ஏன் இன்றைக்கே, அதுவும் தனியாக வருகிறான் என்று முதலிலேயே எனக்குப் பட்டது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை மூட்டையை எடுத்துப் பிரித்தான். ஏழாம் நம்பர்.

"அரவை மெஷின்ல இருந்தாரே துலுக்கானம், அவர் ஊட்ல கெடைச்சுது அண்ணாத்தே. அவரு போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆவுது. அவர் சம்சாரம் வேம்புலியம்மா இத்த சாமி படத்தாண்ட வெச்சிகினு கீது. இது இன்னா சாமின்னு கேட்டா, 'தெர்லபா, ஏதோ மிலிட்டிரி சாமி, அவரு எடுத்தாந்தாரு'ன்றா. ஒரு எவர்சில்வர் குடம் குடுத்து வாங்கியாந்தேன்."

ஹெல்மெட்டின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. இப்போதும் லேசாகத் தெரியும், பாருங்கள். துலுக்கானம் முப்பத்தொன்பதைத்தான் அரைத்திருக்கிறான்.

பொம்மையைத் திருப்பினேன். இடது முழங்காலுக்குப் பின்னால் முடி கனத்துக்கு ஒரு மேடு. அச்சில் விழுந்த விரிசலின் தடம். அந்த அச்சிலிருந்து வந்த ஒவ்வொன்றிலும் அது இருந்தே தீரும். அதற்காகத்தானே எல்லாவற்றையும் தள்ளினேன். நான் செய்ததில் அந்தக் கோடு இல்லை. போட்டிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. இருபத்திரண்டு வருஷம் பழுதைத் தள்ளிய கை, தானே ஒரு பழுதைச் செய்ய ஒப்பவில்லை.

கஜபதியின் விரலும் அந்தக் கோட்டுக்குத்தான் வந்தது.

"உன்னுதுல இந்த எடம் வழவழன்னு கீது. என்னுதுல பாரு, கோடு. அப்ப இது டூப்பு தானே? கூச்சப்படாம எய்திக் குடு அண்ணாத்தே. எம் பொண்ணு கேட்டுகினே கீறா, வெளையாடட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதன் முழங்காலை இவன் எப்போது பார்த்தான்? துலுக்கானத்தின் மனைவி வேறு என்ன சொல்லியிருப்பாள்? போலி என்று நான் எழுதினால், நாளைக்கு அந்தச் சீட்டையும் என் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறானா? அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அசல் என்று எழுதினால் என் பெட்டியில் இருப்பது என்ன என்று கேட்பார்கள். போலி என்று எழுதினால் அது பொய். இரண்டையும் நிதானமாக யோசித்தேன். சீட்டு கேட்கும் ஆள் இருக்கும்வரை ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

"டியூப்லைட்டில் சரியாகத் தெரியாது. வெயில் இருக்கும்போதே வெளியே வா" என்றேன்.

என் வீட்டிலிருந்து நூறடியில் தண்டவாளம். ஆட்கள் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. பத்து வருஷமாக நான் கடப்பது. எந்த வண்டி எப்போது வரும் என்று சத்தத்திலேயே தெரியும். மெட்ராஸ் பக்கம் போகிற லைனின் நடுவில் அவனை நிறுத்தினேன். வெயில் அவன் முதுகுக்குப் பின்னால், ஆவடிப் பக்கம் இருந்தது. பொம்மையின் மேல் வெளிச்சம் நேராக விழ வேண்டும் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். அதில் நான் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை.

லென்ஸை அவன் வலது கண்ணில் மாட்டினேன். இடது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

"வாட்ச் ரிப்பேர்காரன் மாதிரி கீறனா அண்ணாத்தே?" என்றான்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பக்கத்து லைனில் லோக்கல் வண்டி ஹாரன் அடித்தபடி ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. பின்னாலிருந்து எக்ஸ்பிரஸ் கொடுத்த ஹாரனும் அதோடு சேர்ந்துவிட்டது. அவன் எல்லாம் லோக்கல் சத்தம் என்றுதான் நினைத்திருப்பான். எனக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்டது.

"பொம்மையைக் கொடு, முகக்கண்ணாடியில் தூசி இருக்கிறது, துடைத்துத் தருகிறேன். லென்ஸை எடுக்காதே" என்றேன். கொடுத்தான். வாங்கிக்கொண்டு நான் தண்டவாளத்தைத் தாண்டி மூன்றடி தள்ளி நின்றேன். திருப்பி வாங்குவதற்காக அவன் கை நீட்டியபடியே இருந்தான்.

நான் அவனைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கூப்பிட்டேன், அவன் காதில் விழவில்லை, பொம்மையும் நொறுங்கிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். அது வாய்வார்த்தையாகச் சொன்னது. ரிப்போர்ட் என்று அதைச் சொல்ல முடியாது. அந்த லைனில் நீங்கள் இரண்டு நாள் கல்லைக் கிளறி, என் கம்பெனி நம்பர் பொறித்த லென்ஸை எடுத்தீர்கள். ஒரு பிளாஸ்டிக் சில்லுகூட இல்லை என்றதும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் கெட்டிக்காரர் இன்ஸ்பெக்டர் உலகநாதன் சார். தரச் சோதனைக்கு வந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பீர்கள்.

நேற்று கஜபதியின் மனைவி கஸ்தூரியை இதே அறையில் உட்கார வைத்துப் பேச விட்டீர்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை எல்லார் எதிர்லயும் டூப்புன்னு சொல்லிட்டா சிரிப்பாங்கன்னுதான் சார் சனிக்கெழமையே போனாரு. அண்ணாத்தே சொன்னா சரியாத்தான் இருக்கும், குட்டிக்கு பொம்மை கெடைச்சா மாதிரி ஆச்சுன்னாரு."

அப்படியென்றால் அவன் சிரித்தது வெறும் சிரிப்புதான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

என் பீரோவிலிருந்து எடுத்த இரண்டையும் மேஜையில் வைத்து, எதுவும் தெரியாதவர் போல எது அசல் என்று கேட்டீர்கள். என்னுடையதைக் காட்டியிருந்தால் எனக்கு ஒரு காரணமும் இல்லை என்றாகி, உங்கள் கேஸ் அங்கேயே நின்றுபோயிருக்கும். எந்த நிபுணரை இனிமேல் தேடுவீர்கள், நான் ஒருவன்தானே. ஆனால் என் விரல் பொட்டு வைத்ததின் மேல்தான் போனது.

சீட்டை எழுதிவிட்டேன். ஏழாம் நம்பர், வேவுக்காரன். மூட்டுகள் இறுக்கம், வண்ணம் முழுசு, நெற்றியில் குங்குமக் கறை, இடது முழங்காலுக்குப் பின்னால் அச்சு விரிசல். அசல். கீழே என் கையெழுத்து.

போலி என்று அன்றைக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் கஜபதி பொம்மையோடு வீட்டுக்குப் போயிருப்பான். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை சார்.